நகரம் ஈர்க்கிறது, மிஷன் எரிச்சலூட்டுகிறது: ஒரு வாசகரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: வரலாற்றுப் பின்னணி கொண்ட, விருப்பம்போல் எங்கும் சுற்றக்கூடிய திறந்த உலக வீடியோ கேம்களைப் பல ஆண்டுகளாக விளையாடி வருகிறேன். ‘அசாசின்ஸ் கிரீட் 2’-இல் தொடங்கி ‘பிளாக் ஃபிளாக்’, ‘யூனிட்டி’ என்று இப்போது அதே வரிசையின் ‘வால்ஹாலா’ வரை வந்திருக்கிறேன். பழைய நகரங்களின் கூரைகள் மீது ஓடுவதும், குதிரையில் ஏறிக் கால்போன போக்கில் போவதும் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஒருவருக்குத் தெரியாமல் அவரைப் பின்தொடரச் சொல்லும் மிஷன், அதாவது விளையாட்டு தரும் பணி, வந்துவிட்டால் கன்ட்ரோலரை வீசியெறியத் தோன்றுகிறது. மேப்பில் மண்டிக்கிடக்கும் குறிகளைப் பார்த்தாலே சோர்வு வருகிறது. அவற்றை விட்டுவிட்டுப் போகவும் மனம் வருவதில்லை. இது என் பொறுமைக் குறைவா? இவற்றில் வரும் வரலாற்றை எந்த அளவுக்கு நம்பலாம்? பாதியில் நிற்கும் ‘வால்ஹாலா’வை முடிக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: குறை உங்கள் பொறுமையில் இல்லை. திறந்த உலக விளையாட்டுகளுக்கு மிஷன்களை வடிவமைப்பது என் தொழில் என்பதால், நீங்கள் ரசிக்கும் பகுதியும் உங்களை வதைக்கும் பகுதியும் ஒரே விளையாட்டுக்குள் எப்படி அருகருகே வந்து சேர்கின்றன என்பதை ஓரளவு உள்ளிருந்து சொல்ல முடியும். இத்தகைய விளையாட்டு உங்களுக்கு இரண்டு வாக்குறுதிகளைத் தருகிறது. இந்தக் காலத்தில், இந்த ஊரில் உங்கள் விருப்பப்படி வாழ்ந்து பாருங்கள் என்பது ஒன்று. நாங்கள் எழுதிய கதையை நாங்கள் வகுத்த வரிசையில் நடத்தி முடியுங்கள் என்பது இன்னொன்று. உங்கள் மகிழ்ச்சி அநேகமாக முழுவதும் முதல் வாக்குறுதியிலிருந்து வருகிறது. உங்கள் எரிச்சல் இரண்டாவது வாக்குறுதி முதலாவதை மறுக்கும் இடங்களிலிருந்து வருகிறது.

2014-இல் வெளியான ‘யூனிட்டி’யையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுப் புரட்சிக் காலப் பாரிஸ் நகரத்தின் நோத்ர தாம் பேராலயத்தை உருவாக்குவதில் மட்டும் ஒரு கலைஞர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளைச் செலவிட்டார். அந்தக் கட்டடத்தின் மீது ஏறி, மேலே நின்று, கீழே நகர்ந்துகொண்டிருக்கும் கூட்டத்தைப் பார்ப்பது இந்த வகை விளையாட்டுகள் தரும் மிகச் சிறந்த அனுபவங்களில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே விளையாட்டு வெளிவந்தபோது முகங்கள் மறைந்து கண்களும் பற்களும் மட்டும் தெரிந்த பாத்திரங்களும் வேறு பல கோளாறுகளும் இருந்ததால், வெளியிட்ட யுபிசாஃப்ட் நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, கூடுதல் கதைப் பகுதி ஒன்றை இலவசமாகத் தந்தது. நகரத்தைக் கட்டுபவர்கள், நகர்வை எழுதுபவர்கள், கதையை எழுதுபவர்கள், அனைத்தையும் ஒன்றாகப் பொருத்துபவர்கள் எனத் தனித்தனிக் குழுக்கள் பல ஊர்களிலிருந்து வேலை செய்யும்போது, ஒரு பகுதி அற்புதமாகவும் பக்கத்துப் பகுதி அரைகுறையாகவும் அமைந்துவிடுவது விதிவிலக்கன்று. இத்துறையில் அது அன்றாட நடப்பு.

உங்களை வதைக்கும் பின்தொடரும் மிஷன் எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். கதையாசிரியர் இரண்டு சதிகாரர்களின் உரையாடலை எழுதியிருக்கிறார். ஆட்டக்காரர் அதை முழுவதும் கேட்டாக வேண்டும். வெறும் காட்சியாகக் காட்டினால் ஆட்டக்காரர் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார் என்ற அச்சம் தயாரிப்புக் குழுவுக்கு இருக்கும். எனவே சதிகாரர்கள் நடந்துகொண்டே பேசுகிறார்கள், நீங்கள் மறைந்து மறைந்து உடன் போகிறீர்கள். உரையாடலின் நீளந்தான் பாதையின் நீளத்தை முடிவு செய்கிறது. உங்கள் பாத்திரத்தின் நடை அவர்களுடையதைவிட மெதுவாகவும் ஓட்டம் அவர்களுடையதைவிட வேகமாகவும் இருந்துவிட்டால், மூன்று அடி நடந்து ஓர் அடி ஓடி, புதருக்குள் ஒதுங்கி, திரும்பிப் பார்க்கும் தலைக்குமேல் நிரம்பத் தொடங்கும் எச்சரிக்கைக் குறியைக் கண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே அவர்கள் என்ன பேசினார்கள் என்பது உங்கள் காதில் விழுவதே இல்லை. எந்த நோக்கத்துக்காக அந்த மிஷன் படைக்கப்பட்டதோ அந்த நோக்கத்தையே அது கெடுத்துவிடுகிறது. ‘பிளாக் ஃபிளாக்’ இத்தகைய மிஷன்களை அளவுக்கு மீறி வைத்திருந்தது. ஒரு கட்டத்தில் கப்பலைக் கொண்டே இன்னொரு கப்பலை மறைந்து பின்தொடரச் சொன்னது. அதை வெறுத்த ஆட்டக்காரர்கள் ஏராளம். நீங்கள் தனி ஆள் அல்லர்.

அசாசின்ஸ் கிரீட் வரிசையில் இந்தக் கண்டிப்புக்குக் கதைக்குள்ளேயே ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. நீங்கள் இயக்குவது ஒரு முன்னோரின் நினைவு. அவர் செய்யாததை நீங்கள் செய்தால் அந்த நினைவுடன் உள்ள ஒத்திசைவு முறிந்து, காட்சி கலைந்துவிடும். 2010-இல் வந்த ‘பிரதர்ஹுட்’ ஒரு படி மேலே போய், மிஷனை முடித்தால் மட்டும் போதாது, குறிப்பிட்ட முறையில் முடித்தால்தான் முழு ஒத்திசைவு என்று கூடுதல் நிபந்தனையும் வைத்தது. கதைக்கு அழகான ஏற்பாடுதான். ஆட்டக்காரருக்கோ தன் சொந்த யோசனைக்குத் தண்டனை கிடைப்பதாகவே தோன்றும். 1899-இன் அமெரிக்காவைக் களமாகக் கொண்ட ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’-க்கும் இதே நோய் உண்டு. காட்டில் எந்தத் திசையிலும் போகலாம், யாரிடமும் பேசலாம், ஆற்றங்கரையில் கூடாரம் போடலாம். ஆனால் மிஷன் தொடங்கிய பிறகு சொன்ன பாதையைவிட்டுச் சற்று விலகி, பக்கவாட்டிலிருந்து எதிரியை அணுகலாம் என்று நினைத்தால் தோல்வி என்று திரை அறிவித்துவிடுகிறது. சுதந்திரத்தைப் பழக்கிவிட்டு அதைப் பிடுங்கிக்கொள்வதால் வரும் கோபம் அது, நியாயமான கோபம்.

இன்னொரு வகை எரிச்சல் கைக்கும் திரைக்கும் நடுவில் பிறப்பது. ‘அசாசின்ஸ் கிரீட் 2’-இல் வேகமாக ஓடுவதற்கும் சுவரில் ஏறுவதற்கும் தாவுவதற்கும் ஒரே பட்டன் சேர்க்கைதான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதைக் கன்ட்ரோலரில் உள்ள குச்சியின் சாய்விலிருந்து விளையாட்டு ஊகிக்கிறது. ஃபுளோரன்ஸ் சந்து ஒன்றில் திருடனைத் துரத்தும்போது கட்டைவிரல் இம்மியளவு சுவர்ப் பக்கம் சாய்ந்தால், நாயகன் எட்சியோ ஓட்டத்தை விட்டுவிட்டுச் சுவரில் இரண்டு அடி ஏறித் தொங்குவார், திருடன் மறைந்துவிடுவான். ‘யூனிட்டி’ மேலேறும் ஓட்டத்துக்கும் கீழிறங்கும் ஓட்டத்துக்கும் தனித்தனிப் பட்டன்களைத் தந்தது இந்தப் பிரச்சினைக்குப் பதிலாகத்தான். இந்த வகைத் தோல்வி உங்கள் திறமையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. இப்படித் தோற்கும்போது ஆத்திரத்தில் உடனே மறுபடி முயல்வதைவிட, மிஷனுக்கு வெளியே அதே தெருவில் சும்மா ஓடிப் பார்த்து, விளையாட்டு உங்கள் விரலை எந்தக் கோணத்தில் தவறாகப் படிக்கிறது என்று கண்டுபிடிப்பது பயன் தரும்.

எல்லாச் சிரமத்தையும் ஒரே கூடையில் போட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒரு விளையாட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2018-இல் வந்த ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ 1403-ஆம் ஆண்டின் பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில் நடக்கிறது. நாயகன் ஹென்றி கொல்லன் மகன். அவனுக்கு வாள்வீச்சு தெரியாது, எழுதப் படிக்கத் தெரியாது. தொடக்கத்தில் ஒரு புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம்மாறிக் குழம்பிக்கிடக்கும்; ஓர் எழுத்தரைத் தேடிப் போய்ப் பாடம் கற்ற பிறகே சொற்கள் மெல்ல மெல்லத் தெளிவடையும். வில்லில் நாணை இழுத்தால் குறிபார்க்கும் புள்ளி திரையில் தோன்றாது. நினைத்த இடத்தில் சேவ் செய்யவும் முடியாது. அதற்கென ஒரு மதுபானம் வாங்க வேண்டும் அல்லது தனக்குரிய படுக்கையில் உறங்க வேண்டும். (விளையாட்டிலிருந்து வெளியேறும்போது சேவ் ஆகும் வசதியைப் பின்னர் ஓர் அப்டேட்டில் சேர்த்தார்கள். வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே விளையாடுகிறவர்களுக்கு அது கட்டாயம் தேவைப்பட்ட வசதி.) முதல் சில மணி நேரம் இதெல்லாம் கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் சில காலம் கழித்து ஹென்றி ஒரு பக்கத்தைத் தடையின்றிப் படிக்கும்போது, எழுத்தறிவு அரிதாக இருந்த காலத்தில் அது எத்தகைய ஆற்றலாக இருந்திருக்கும் என்பதை எந்த விரிவுரையும் சொல்லாத விதத்தில் நீங்கள் உணர்கிறீர்கள். இந்தச் சிரமம் அந்தக் காலத்தைப் பற்றி உங்களுக்கு ஏதோ ஒன்றைக் கற்றுத் தருகிறது. பின்தொடரும் மிஷனின் சிரமம் உங்கள் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எரிச்சல் வரும்போது இந்த இரண்டில் எது என்று கேட்டுப் பாருங்கள். முதல் வகையென்றால் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிப்பது நல்லது. இரண்டாவது வகையென்றால் செட்டிங்ஸில் கடினத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

மேப்பில் மண்டிக்கிடக்கும் குறிகளுக்கு வருகிறேன். 2007-இன் முதல் அசாசின்ஸ் கிரீட்டில் 420 கொடிகள் ஒளித்துவைக்கப்பட்டிருந்தன. அவற்றை எல்லாம் சேர்த்தாலும் கதைக்குள் எதுவும் நடக்காது. நீங்கள் தொடங்கிய இரண்டாம் பாகத்தில் 100 இறகுகள் இருந்தன. அவை எட்சியோவின் இறந்துபோன இளைய தம்பி ஆசையாகச் சேர்த்துவந்த பொருள்கள், துயரத்தில் பேச்சிழந்த தாயிடம் கொண்டுசேர்க்க வேண்டியவை. வேலை ஒன்றுதான்; இறகுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். ‘பிளாக் ஃபிளாக்’கில் இரண்டும் ஒரே விளையாட்டில் உண்டு. 200 ஒளித்துணுக்குகள் வெறும் எண்ணிக்கை. காற்றில் பறக்கும் பாட்டுத்தாள்களையோ துரத்திப் பிடித்தால் உங்கள் மாலுமிகள் அந்தப் பாட்டைக் கப்பலில் பாடுகிறார்கள். கதை நடக்கும் 1715-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்குப் பொருந்தாமல், அந்தப் பாட்டுகளில் பல 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்றாலும், நடுக்கடலில் அவற்றைக் கேட்பது இன்பம். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்கு என் அளவுகோல் இதுதான்: சேர்த்த பிறகு அந்த உலகத்தில் ஏதாவது மாறுகிறதா? மாறவில்லையென்றால் அந்தக் குறி உங்களுக்காக வைக்கப்பட்டதன்று. விளையாட்டு எத்தனை மணி நேரம் ஓடும் என்ற விளம்பரக் கணக்குக்காக வைக்கப்பட்டது.

விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை என்கிறீர்கள். அதற்கும் காரணம் உண்டு. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வம் கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். வரைந்தால் பரிசுச் சான்று கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைக்கப்பட்ட குழந்தைகள், பிறகு தாமாக வரைவதற்குச் செலவிட்ட நேரம் குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அப்படிக் குறையவில்லை. உங்களுக்கு நடப்பதும் ஏறக்குறைய இதுவே. குன்றுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்கக் குதிரையைத் தட்டியவர் நீங்கள். அங்கே ஒரு பெட்டி இருக்கிறது, அதை எடுத்தால் இத்தனை விழுக்காடு நிறைவடையும் என்று மேப் முன்னதாகவே சொல்லிவிட்டால், குன்றைப் பார்க்கும் ஆசை போய் விழுக்காட்டை நிரப்பும் கடமை வந்துவிடுகிறது.

வடிவமைப்பாளர்களுக்கும் இது தெரியாததன்று. அசாசின்ஸ் கிரீட் வரிசையில் 2018-இல் வந்த ‘ஒடிசி’யில் தேடல் முறை என்ற தெரிவு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால், போக வேண்டிய இடம் மேப்பில் குறிக்கப்படாமல், இன்ன நிலப்பகுதியில், இன்ன ஆற்றுக்கு வடக்கே என்று குறிப்புகளாக மட்டும் தரப்படும், கி.மு. 431-இன் கிரேக்க நிலத்தை நீங்களே படித்து வழி கண்டுபிடிக்க வேண்டும். 2020-இன் ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ திரை ஓரத்துச் சிறு மேப்பையே நீக்கிவிட்டது. போக வேண்டிய திசையில் காற்று வீசும், புல் சாயும். உங்கள் கண் திரையின் மூலையிலிருந்து விடுபட்டு நிலத்தின் மீதே தங்கிவிடும். கடந்த பல ஆண்டுகளில் இத்துறையில் செய்யப்பட்ட மிக நல்ல வடிவமைப்பு முடிவுகளில் இது ஒன்று என்பது என் உறுதியான கருத்து. ஆகவே எந்த விளையாட்டைத் தொடங்கினாலும் முதல் மணி நேரம் கழிந்ததும் செட்டிங்ஸுக்குப் போய்த் திரையில் தெரியும் குறிகளில் நீக்கக்கூடியவற்றை எல்லாம் நீக்கிவிடுங்கள். இல்லாமல் முடியவில்லையென்றால் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்துகொள்ளலாம்.

வரலாற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற இரண்டாவது கேள்விக்கு என் பதில்: இடங்களையும் பொருள்களையும் ஓரளவு நம்பலாம், நிகழ்வுகளைக் குறைவாக நம்பலாம், மனிதர்களின் ஒழுக்கத்தை மிகக் குறைவாக நம்பலாம். இடங்களில்கூட எச்சரிக்கை தேவை. 2019 ஏப்ரலில் நோத்ர தாம் தீப்பற்றியபோது, விளையாட்டில் இருந்த மாதிரியை வைத்தே அதைத் திரும்பக் கட்டிவிடலாம் என்று பலர் நம்பினார்கள். ஆனால் அந்த மாதிரி ஏறித் தாவுவதற்கு ஏற்றவாறு மாற்றப்பட்டது. கதை நடக்கும் புரட்சிக் காலத்தில் இல்லாத, 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட கூரைக் கோபுரமும் அதில் இருக்கிறது. துல்லியமான அளவீடு வேறிடத்திலிருந்து வந்தது: ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே லேசர் கருவியால் அந்தக் கட்டடத்தை அளந்து வைத்திருந்தார்.

ஜப்பானியத் தீவு ஒன்றில் நடக்கும் ‘சுஷிமா’வில் 1274-இன் மங்கோலியப் படையெடுப்பு உண்மை, கடற்கரையில் சிறு படையுடன் எதிர்த்து நின்று அந்தத் தீவின் காவலர்கள் மாண்டதும் உண்மை. ஜின் சக்காய் என்ற நாயகனும் கோத்துன் கான் என்ற எதிரியும் கற்பனை. நாயகன் மலைமுகட்டில் அமர்ந்து ஹைக்கூ புனைகிறான். அந்தக் கவிதை வடிவம் தனித்து நிலைபெற்றது பல நூற்றாண்டுகளுக்குப் பிறகுதான். இவை என்னை உறுத்துவதில்லை. என்னை உறுத்துவது நீங்கள் இப்போது விளையாடிக்கொண்டிருக்கும் ‘வால்ஹாலா’தான். 9-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மடாலயங்களை வைக்கிங்குகள் கொள்ளையடிப்பது அதன் மையச் செயல். ஆனால் ஒரு துறவியையோ ஊர்வாசியையோ வெட்டினால், நீங்கள் இயக்கும் எய்வோர் பொதுமக்களைக் கொன்றவர் அல்லர் என்று விளையாட்டு எச்சரிக்கும், மேலும் தொடர்ந்தால் ஒத்திசைவு முறிந்துவிடும். உண்மையான தாக்குதல்களில் துறவிகள் கொல்லப்பட்டார்கள், மக்கள் அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள்; டப்ளின் பெரும் அடிமைச் சந்தையாகவே வளர்ந்தது. யாரையும் நோகடிக்காத கொள்ளை என்ற ஒன்று வரலாற்றில் இருந்ததில்லை. ஒரு காலத்தின் கோபுரம் தவறாக வரையப்படுவது சிறு பிழை. அந்தக் காலத்தின் கொடுமை துடைத்தெடுக்கப்படுவது பெரும் பிழை என்றே கருதுகிறேன்.

இதற்காக இவற்றை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 2018 பிப்ரவரியில் அசாசின்ஸ் கிரீட் வரிசையின் ‘ஆரிஜின்ஸ்’ விளையாட்டுக்கு டிஸ்கவரி டூர் என்ற வடிவத்தைச் சேர்த்தார்கள். அதில் சண்டை கிடையாது, மிஷன் கிடையாது. தாலமி அரசர்கள் காலத்து எகிப்தில் 75 வழிநடைச் சுற்றுலாக்கள் இருக்கின்றன. சில இடங்களில் எது ஆதாரம், எது தங்கள் ஊகம் என்பதை உருவாக்கியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பின்னர் ‘ஒடிசி’க்கும் ‘வால்ஹாலா’வுக்கும் இதே போன்ற வடிவங்கள் வந்தன. வரலாற்று ஆர்வத்தால் இந்த விளையாட்டுகளுக்கு வந்த உங்களைப் போன்றவர்கள் அவற்றைத் தவறவிடக் கூடாது.

கடைசியாக, ‘வால்ஹாலா’வை முடிப்பதா என்ற கேள்வி. முதன்மைக் கதைக்கு மட்டுமே 60 மணி நேரம் அளவில் பிடிக்கும் விளையாட்டு அது. இதுவரை போட்ட நேரம் வீணாகிவிடுமே என்பது தொடர்வதற்கான காரணமாகாது. அந்த நேரத்தை நீங்கள் அனுபவித்தாகிவிட்டது. நல்லவேளையாக அதன் அமைப்பு உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. ஒவ்வொரு நிலப்பகுதியும் தனக்கென்று தொடக்கமும் முடிவும் கொண்ட தனிக் கதை. இப்போது நிற்கும் பகுதியின் கதையை மட்டும் முடித்து, அங்கே கிடைத்த கூட்டணியை உங்கள் குடியிருப்பில் இருக்கும் ராண்ட்வி என்ற பாத்திரத்திடம் அறிவித்துவிட்டு, நிறைவாக நிறுத்திக்கொள்ளலாம். அதுவரைக்கும் சண்டை, ஒளிந்து தாக்குதல், தேடல் ஆகிய மூன்றின் கடினத்தையும் அந்த விளையாட்டு தனித்தனியாக மாற்ற அனுமதிக்கிறது என்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒளிந்து தாக்குவதை எளிதாக்கி, ஒரே தாக்கில் வீழ்த்துவதை உறுதிசெய்யும் தெரிவை இயக்கிவிட்டு, தேடலை மட்டும் மிகக் குறைந்த தகவல் தரும் நிலைக்கு மாற்றினால், உங்கள் கடிதத்தில் சொன்ன எரிச்சல்களில் பெரும்பகுதி அகன்றுவிடும். மேப்பில் பொன்னிறப் புள்ளிகள் செல்வத்தையும் வெண்புள்ளிகள் சேகரிப்புப் பொருள்களையும் குறிப்பவை. நீலப் புள்ளிகளில்தான் வழியில் சந்திக்கும் விசித்திர மனிதர்களின் சிறுகதைகள் இருக்கின்றன. நீலத்தை மட்டும் நாடுங்கள்.

அடுத்து ஏதாவது விளையாட விரும்பினால் அதே வரிசையில் 2023-இல் வந்த ‘மிராஜ்’ உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். அது 9-ஆம் நூற்றாண்டு பாக்தாத் நகரத்தில் நடக்கிறது; 762-இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த வட்ட நகரத்தின் சுவடு இன்று தரைக்கு மேலே ஏதும் இல்லாததால், அதற்குள் நடந்து பார்க்க வேறு வழி கிடையாது. ‘வால்ஹாலா’வின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் ‘வால்ஹாலா’வின் சேவ் கோப்பை அழித்துவிடாதீர்கள். சில மாதங்கள் கழித்துத் திரும்பத் தோன்றினால், முதலில் ஒரு சிறு முகாமைத் தாக்கிச் சண்டைப் பட்டன்களைக் கைக்கு நினைவூட்டிக்கொண்டு, அதன் பிறகு அடுத்த நிலப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள்.